திறந்தே கிடந்த ஏழு இரவுகள்

சர்ர்க் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. அப்புறம் ஒன்றுமே இல்லை அக்கா. பெருச்சாளி என்றால் ஓடும். பூனை என்றால் பாத்திரத்தை உருட்டும். இது தரையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, யாராவது விழித்துக்கொண்டார்களா என்று காத்திருக்கிற மாதிரி அப்படியே நின்றுவிடும். முதல் ராத்திரி அதைக் கேட்டபோது நான் உள்அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஏதோ காற்று என்று நினைத்துத் தூங்கிப்போனேன். தூங்கிப்போனேன், பாருங்கள்!

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெருக்கோடி மாடி வீட்டுக்குப் போன மாதம் குடிவந்திருக்கிறீர்கள், வீட்டுக்காரர் வெளியூரில், இரண்டும் பெண்பிள்ளைகள். எதிர்வீட்டு பவுலின் அக்கா சொன்னது அவ்வளவுதான். வயது தெரியாததால் அக்கா என்று எழுதுகிறேன். சின்னவளாக இருந்தால் பரவாயில்லை, அக்காவாகவே இரு.

நாளை மறுநாள் ஞாயிறு, எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குத்தான் விவிலியம் வருகிறது. கூடவே இந்த நோட்டும் வரும். 'இறைவார்த்தையால் நான் பெற்ற நன்மைகள்' என்று ஒவ்வொரு வீட்டுக்காரியும் அரைப் பக்கம் எழுத வேண்டும். முன்னால் புரட்டிப் பாருங்கள். ஒருவருக்கு மூட்டுவலி போயிருக்கிறது. ஒருவர் மகனுக்கு விசா வந்திருக்கிறது. எனக்கு அரைப் பக்கம் போதாது. இப்போது மணி பதினொன்று. விரலில் நகம் பெயர்ந்திருக்கிறது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இதை உங்களுக்கு முன்னால் எங்கள் தலைவி மதலேனம்மா படிப்பார், அப்புறம் ஃபாதர் படிப்பார். படிக்கட்டும்.

நீங்கள் புதிது என்பதால் எங்கள் அன்பியத்தின் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் இருபத்திரண்டு கத்தோலிக்கக் குடும்பம் சேர்ந்ததுதான் எங்கள் அன்பியம். விவிலியம் ஒரு வீட்டில் ஒன்பது நாள் இருக்கும். சிவப்புத் துணி விரித்த மேஜை, பக்கத்தில் அணையாத விளக்கு, உட்கார்ந்து வாசிக்க ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்தரை வரை தெருக்காரர்கள் முறைபோட்டு வந்து சத்தமாக வாசிப்பார்கள். எந்த அன்பியம் முதலில் வாசித்து முடிக்கிறதோ அதற்குக் கோவில் பங்குத் திருவிழாவில் கேடயம். இந்த ஒன்பது நாளும் வீட்டுத் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. பகலிலும் கூடாது, ராத்திரியிலும் கூடாது. ஊர் உலகத்துக்கே பூட்டுச் செய்து அனுப்புகிற திண்டுக்கல்லில், எங்கள் தெருவில் மட்டும் ஒரு வீடு மாற்றி ஒரு வீடு திறந்தே கிடக்கும்.

என் வீட்டுக்காரர் அருள்சீலன் போர்வெல் லாரியில் இருக்கிறார். சத்தீஸ்கர் பக்கம் போய் நாலு மாதம் ஆகிறது. பிள்ளை ஃபியோனாவுக்கு எட்டு மாதம். கைப்பிள்ளைக்காரி, தனியாக இருப்பவள், என் வீடு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் ஃபாதர் பூசை முடிந்து எல்லார் முன்னாலும், "பெனிட்டா வீட்டுக்குப் போனா வார்த்தைக்கு ஒரு மரியாதை கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார். கோவிலில் முதல் வாசகம் நான்தான் வாசிப்பேன். கான்வென்ட்டில் படித்தவள், ற-வும் ர-வும் எனக்குச் சுத்தமாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை.

போர்டிங்கில் எங்களை ஐந்து மணிக்கு எழுப்பி வேத வாசிப்புக்கு உட்கார வைப்பார்கள். ஒரே பகுதியை நான்கு தரம் படிக்க வேண்டும். முதல் தரம் காதுக்கு. இரண்டாம் தரம் எந்தச் சொல் பிடித்து இழுக்கிறதோ அதில் நிற்க வேண்டும். மூன்றாம் தரம் அந்தச் சொல்லோடு பேச வேண்டும். நான்காம் தரம் பேசாமல் இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேர் மூன்றாவதிலேயே தூங்கிவிடுவார்கள். நான் தூங்கமாட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. விடியற்காலை நாலரைக்கு, முதல் ஆள் வருவதற்கு முன்னால், விளக்கடியில் உட்கார்ந்து ஒரு பத்தியை மெல்ல மெல்லப் படிப்பேன். அது எனக்கே எனக்கான நேரம்.

ஐந்து மணிக்கு அப்புறம் நடந்ததற்கு வாசிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை அக்கா. பவுலின் அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷி, ஆனால் வாசிப்பு கிரைண்டர் ஓடுகிற வேகம். முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்கமாட்டார். நடுவில், "அடியே பெனிட்டா, பால் பொங்குது பாரு" என்பார். அதுவும் வசனத்தோடு வசனமாகவே போகும். இன்னொருவர் டீ கேட்பார். இன்னொருவர் போன் சார்ஜ் போடுவார். "மெதுவா வாசிங்கக்கா, இயேசு என்ன சொல்றாருன்னு கேக்கவே இல்லையே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"அவரு ரெண்டாயிரம் வருசமா சொல்லிட்டுத்தான்டி இருக்காரு. கேடயம் போச்சுன்னா திரும்ப வராது" என்றார் பவுலின் அக்கா.

கடைசி முறை, ஒன்பதரையிலிருந்து பத்தரை, ஜெரால்டு அண்ணனுக்கு. பங்குப் பேரவையில் உறுப்பினர். பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பார். ஐம்பது வயது இருக்கும். என் திருமணப் பூசையில் வாசித்தவரும் அவர்தான். அந்த நேரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று மதலேனம்மா மெச்சினார். மதலேனம்மாதான் எங்கள் அன்பியத் தலைவி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஜெரால்டு அண்ணன் வந்து முதல் பத்து நிமிடம் வாசிப்பார். அப்புறம் சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தேன், பக்க அடையாள நாடா முந்தின ராத்திரி அவர் வரும்போது இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பக்கம்கூட நகரவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இந்தத் தெருவில் என்னைப் போலவே ஒருவர் நின்று நிதானித்து வாசிக்கிறாரே என்று. அன்றைக்கு அவருக்குச் சுக்குக்காபி போட்டு வைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது! மெதுவாக வாசிக்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று யார் எனக்குச் சொன்னது?

அந்தச் சத்தம் நாற்காலியுடையது அக்கா.

மேஜைக்கும் என் உள்அறை வாசலுக்கும் நடுவில் ஆறு டைல்ஸ். உள்அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். முதல் ராத்திரிக்கு மறுநாள் காலை நாற்காலி ஒரு டைல்ஸ் நகர்ந்திருந்தது. வீடு கூட்டும்போது எடுத்து மேஜையோடு போட்டேன். இரண்டாம் ராத்திரிக்கு ஒன்றரை. நான்காம் ராத்திரிக்கு மூன்று. ஒவ்வொரு காலையும் நான் மேஜையோடு போடுவேன், ஒவ்வொரு ராத்திரியும் சர்ர்க். அதுவும் மேஜைக்கு முதுகைக் காட்டியபடி. முதுகுப்பக்கம் விளக்கையும் வேதத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் எதை வாசிப்பார்?

ஐந்தாம் நாள் மதலேனம்மாவிடம் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ராத்திரி மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்கட்டுமா?"

"ஏத்தா, என்னாச்சு?"

"ஜெரால்டு அண்ணன் நாற்காலியை உள்ரூம் பக்கம் நகட்டிப் போட்டுக்கிறாரும்மா."

"காத்தாடிக்கு நேரா போட்டிருப்பாரு. வேர்க்குமில்ல?"

"காத்தாடி மேஜைக்கு மேலதாம்மா இருக்கு."

கத்தி நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "பெனிட்டா, நீ படிச்ச பொண்ணு. ஒரு மனுஷன் ராத்திரி தூக்கத்தை விட்டுட்டு வேதம் வாசிக்க வர்றாரு. நாற்காலி எந்தப் பக்கம் இருக்குன்னு நீ அளந்துட்டு இருக்க. வாசல்ல நான் மாட்டியிருக்கிற பேனரைப் படி. ஆண்டவர் கதவுகிட்ட நிக்கிறாருன்னு போட்டிருக்கு. அவரு நிக்கிற கதவுக்குத் தாழ்ப்பாளா? சங்கீதம் தொண்ணூத்தொண்ணை ஏழு தரம் சொல்லிட்டுப் படு. பயம் போயிரும்."

சொன்னேன். ஏழு தரம் இல்லை, பத்துத் தரம் சொன்னேன்.

அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் துளை போடுகிற மெஷின் சத்தம். "பைபிள் வாசிக்க வர்ற ஆளுகிட்ட உனக்கு என்ன பயம்? திருடன் வந்தாக்கூட ஓடிருவான், வீட்ல எந்நேரமும் ஆள் இருக்குல்ல?" என்றார். "அந்த ஆள்தாங்க பயமே" என்றேன். "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்றார். அதை எப்படிச் சத்தமாகச் சொல்வது? ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ராத்திரி மெசேஜ் வந்தது. என்ன அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வசனம். பூப்படம் போட்டு.

நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள் அக்கா. ஆளுக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள்.

சரி, வசனத்தையே கேட்போம் என்று விடியற்காலையில் உட்கார்ந்தேன். அன்றைய பகுதியில் வானதூதர் கன்னியிடம் 'அஞ்சாதே' என்கிறார். அந்தச் சொல்தான் என்னைப் பிடித்தது. பயப்படுவதற்காக என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நாற்காலியை அளக்கிறேன் என்று அழுதேன். மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அந்தத் தூதர் அஞ்சாதே என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தேன் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள். பதில் சொல்கிறார். அவள் சரி என்று சொன்ன பிறகு, கிளம்பிப் போய்விடுகிறார்! போய்விடுகிறார் அக்கா. அவ்வளவு தரம் கேட்ட வாசகத்தில் அவர் கிளம்பிப் போனதை நான் கவனித்ததே இல்லை.

ஆனால் எனக்குக் கேள்வி கேட்க வாய் வந்ததா? ஏழாம் ராத்திரி, அதாவது நேற்று, சர்ர்க் என்றது. ஃபியோனா என் மார்பில் இருந்தாள். திரைச்சீலைக்குக் கீழே பார்த்தேன். நாற்காலியின் முன்கால்கள் இரண்டும் இந்தப் பக்கம் வந்திருந்தன. திரையின் ஓரம் காற்றில்லாமல் விரலளவு விலகியிருந்தது.

நான் இருமினேன்.

"பாப்பா தூங்கிருச்சா தங்கச்சி?" மெதுவாக, ரொம்பப் பக்கத்தில்.

"தூங்கிருச்சுண்ணே" என்றேன்.

கத்தவில்லை. எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தூங்கிருச்சுண்ணே! மரியாதையாக, தெளிவாக, ர-வும் ற-வும் கெடாமல். போர்வையை இழுத்துப் பிள்ளையோடு சேர்த்துத் தலைவரை மூடிக்கொண்டு, பத்தரைக்கு அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும்வரை மூச்சுவிடாமல் கிடந்தேன். அதற்கப்புறமாவது எழுந்துபோய்க் கதவை அடைத்தேனா? இல்லை. வார்த்தை இருக்கிற வீடு. ஒன்பது நாள் விரதம். என்னால் கெட்டுவிடக் கூடாது. அந்த 'அண்ணே'யை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்று காலை வேதத்தைத் திறக்கப் பிடிக்கவில்லை. வாசலில் பேனருக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லாததால் பேனரையே படித்தேன். ஒரு தரம், இரண்டு தரம். அவர் நிற்கிறார். தட்டுகிறார். குரல் கேட்டு உள்ளே இருப்பவர் திறந்தால் வருவேன் என்கிறார். மூன்றாம் தரத்தில் எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. தட்டுகிறார் அக்கா! கதவு மூடியிருந்தால்தானே தட்ட முடியும்? திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவள் கையில்தானே இருக்கிறது? அவரே தள்ளிக்கொண்டு வரவில்லையே. எட்டு நாளாகத் தெருவே இந்த வரிக்கு அடியில் குனிந்து வந்து போகிறது. வாசகம் வாசிக்கிறவள் என்று மார்தட்டுகிற நானும்தான்.

சாயங்காலம் வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டிலேயே. பதினைந்து பேர் இருப்பார்கள். ஜெரால்டு அண்ணன் கீபோர்டோடு வந்திருந்தார். ஜெபமாலை முடிந்து வசனப் பகிர்வு.

"வீட்டுக்காரப் பொண்ணு ஆரம்பிக்கட்டும். சுருக்கமா" என்றார் மதலேனம்மா.

"எனக்கு ஒரு சொல்தாம்மா. தட்டுகிறார்."

"ஆமென்" என்றார் யாரோ.

"தட்டுறார்னா கதவு சாத்தியிருக்குன்னு அர்த்தம். சாத்தியிருக்கறதுக்காக அவர் கோவிச்சுக்கல. திறக்கச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். அதனால இன்னிக்கு ராத்திரியில இருந்து ஒன்பது மணிக்கு நான் தாழ்ப்பாள் போடுவேன். வாசிக்க வர்றவங்க தட்டுங்க. யாருன்னு கேப்பேன். திறக்கணும்னா திறப்பேன்."

பவுலின் அக்கா பேனரை நிமிர்ந்து பார்த்து உதட்டை அசைத்துப் படித்தார். அவர் எதையும் அவ்வளவு மெதுவாகப் படித்து நான் பார்த்ததில்லை. "அட, ஆமா" என்றார். "தட்டுறதாத்தான் போட்டிருக்கு."

மதலேனம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பவுலின், நீ சும்மா இரு. முப்பது வருசமா இந்தத் தெருவுல வேதம் வந்த வீட்ல தாழ்ப்பாள் விழுந்ததில்ல. வசனத்தை அவவ வசதிக்கு வளைச்சா அப்புறம் வசனம் எதுக்கு? அடுத்த மாசம் ஃபாதர்கிட்ட வைப்போம், அவரு சொல்லட்டும்."

"அடுத்த மாசம் விவிலியம் என் வீட்ல இருக்காதேம்மா."

"அதான் சொல்றேன், இன்னும் ரெண்டு நாளு. பொறுத்துக்க."

ஜெரால்டு அண்ணன் சிரித்தார். நல்ல, இரக்கமான சிரிப்பு. "தங்கச்சி பயந்திருக்கு பாவம். வீட்டுக்காரர் இல்லாத வீடு. நான் வேணா பத்தரைக்குப் போகாம விடியறவரைக்கும் இருந்து வாசிக்கிறேன். காவலாவும் இருக்கும்."

"பாத்தியா" என்றார் மதலேனம்மா என்னைப் பார்த்து. "இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். நிறைவுப் பாட்டை அவரே வாசித்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. நாற்காலியை மேஜைக் காலோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். பிள்ளைகளை உங்களுக்குச் சுவர்ப்பக்கம் போடுங்கள். கடைசி முறைக்கு யார் என்று இன்றே கேளுங்கள். பயமாக இருந்தால் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், ஊம் கொட்டாதீர்கள். என்னைப் போல் எட்டு நாள் யோசிக்காதீர்கள்.

எல்லாரும் போனபின் பிள்ளையைத் தூங்க வைத்தேன். மணி ஒன்பது இருபது. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தேன். அசையவில்லை. விவிலியம் வருகிறது என்று வீட்டு ஓனர் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். தாழ்ப்பாளுக்கும் சேர்த்துத்தான் அடித்திருந்தார். கம்பி வளையத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். நகம் பெயர்ந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன். வழிந்து தரைக்குப் போனது. கடைசியில் சமையலறைக்கு ஓடிப்போய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்து அடித்தேன். டங். ஃபியோனா அலறிக்கொண்டு எழுந்தாள். டங். டங்.

எதிர்வீட்டில் லைட் எரிந்தது. "ஏய் பெனிட்டா! என்னத்தடி உடைக்கிற?"

ஒன்றுமில்லைக்கா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதுதானே எனக்கு வரும்.

"தாழ்ப்பாள் போடுறேன்க்கா!"

"என்னது?"

"தாழ்ப்பாள்! உள்ள இருந்து போடுறேன்!" இவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்து வீடும்.

அப்போது ஸ்கூட்டி வந்து வாசலில் நின்றது. செருப்புச் சத்தம் இரண்டு படி ஏறியது. வழக்கம்போல ஒரு கை கதவைத் தள்ளியது. கதவு அரை அங்குலம் உள்ளே வந்தது. நான் தோளைக் கொடுத்து முட்டினேன். திரும்பப் போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் நான் மூச்சு வாங்குகிறேன், அந்தப் பக்கம் அவர்.

"யாரு?" என்றேன்.

படியில் செருப்பு ஒரு தடவை தேய்ந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பவுலின் அக்கா குரல் கொடுத்தார். "ஏப்பா ஜெரால்டு, சும்மா நிக்கிற? தட்டுப்பா! தட்டு, பேரைச் சொல்லு! அவதான் கேக்குறால்ல!"

காத்திருந்தேன். முழுசாக ஒரு நிமிடம் கொடுத்தேன் அக்கா, மனசாட்சிக்கு விரோதமாக எதுவும் செய்துவிடக் கூடாது என்று. அவர் தட்டவில்லை.

தோளை எடுக்காமலே பூரிக்கட்டையை ஓங்கி ஒரு போடு போட்டேன். நீலப் பெயிண்ட் உரிந்து தெறித்தது. தாழ்ப்பாள் வளையத்துக்குள் முழுசாகப் போய் விழுந்தது.